வெயில்ல வச்ச சொம்பு காயல, ஃபேன் கீழ வச்ச தட்டு காஞ்சிடுச்சு. அஞ்சாம் வகுப்பு பசங்களுக்கு இதை எப்படி சொல்றது?

அஞ்சாங்கிளாஸ் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு சின்ன ஊர் தொடக்கப்பள்ளியில அஞ்சாம் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் ஆவியாதல் பாடம். புத்தகத்தை படிச்சுக் காட்டறதுக்கு பதிலா செஞ்சே காட்டலாம்னு பசங்களை ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வரச் சொன்னேன். ஒருத்தி சொம்பு கொண்டு வந்தா, ஒருத்தன் எவர்சில்வர் தட்டு. ரெண்டுலயும் 50 மில்லி தண்ணி ஊத்தி சொம்பை வராண்டா வெயில்லயும் தட்டை கிளாஸ்குள்ள ஃபேனுக்கு நேர் கீழயும் காலைல ஒம்போதரைக்கு வச்சோம். வெயில்ல வச்சதுதான் சீக்கிரம் காயும்னு நானும் நினைச்சேன், பசங்க மொத்தப் பேரும் அதைத்தான் சொன்னாங்க. மூணு மணிக்குப் பாத்தா தட்டு சுத்தமா காஞ்சு கிடக்கு, சொம்புல தண்ணி அப்படியே நிக்குது!

"ஃபேன்தான் மிஸ் தண்ணியக் குடிச்சிடுச்சு, வெயில் குடிக்கல"ன்னான் ஒருத்தன். "சொம்பு தண்ணிய மறைச்சு வச்சிருக்கு மிஸ்"னா இன்னொருத்தி. எனக்கு அந்த நேரத்துல பதில் சொல்ல வரல, நாளைக்குப் பேசலாம்னு மணி அடிச்சதும் அனுப்பிட்டேன். அதுல இருந்து மனசு கேக்கவே மாட்டேங்குது. மறுபடி எப்படி ஆரம்பிக்கட்டும்?

லேப் அக்கா

டீச்சர், நீங்க எதையும் கெடுக்கல, இதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்காது. நடந்தது இதுதான், ஒரே சமயத்துல மூணு விஷயம் மாறிப் போச்சு. வெயில், காத்து, வாய் அகலம். இதுல எது ஜெயிச்சதுன்னு எப்படி சொல்ல முடியும்? பசங்ககிட்ட போய் "நாம வச்ச போட்டி நியாயமான போட்டியா?"ன்னு மட்டும் கேளுங்க. பத்து வயசுப் பசங்களுக்கு போட்டியில அழுகுணி ஆட்டம்னா என்னன்னு நல்லாத் தெரியும், ஒருத்தன் சைக்கிள்ல ஒருத்தன் நடந்து ஓட்டப்பந்தயம் வச்சா சும்மா விடுவாங்களா? அதே மாதிரி ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணுதான் மாறணும், மத்ததெல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். இதை அவங்க வாயாலயே வர வச்சுட்டீங்கன்னா பாடத்துல பாதிக்கு மேல முடிஞ்சுது.

அப்புறம் காஞ்சுதா இல்லையான்னு கண்ணால பாத்துச் சொல்லாம எடை போடுங்க. மளிகைக்கடைல இருக்கிற எலக்ட்ரானிக் தராசு போதும். ஒரு மில்லி தண்ணி ஒரு கிராம், அதனால எத்தனை கிராம் குறைஞ்சுதோ அத்தனை மில்லி காத்துல கலந்திருக்குன்னு பசங்களே எண்ணிச் சொல்லிடுவாங்க.

அந்தச் சொம்பு விஷயத்துக்கு வரேன். சொம்பு வாய் 7 செண்டிமீட்டர்னு வச்சுப்போம், பரப்பு சுமாரா 38 சதுர செண்டிமீட்டர். தட்டு 20 செண்டிமீட்டர்னா 314. தண்ணி கிளம்பிப் போற வாசல் தட்டுக்கு எட்டு மடங்கு பெருசு! "சொம்பு மறைச்சு வச்சிருக்கு"ன்னு சொன்ன பொண்ணு ரொம்பச் சரியாச் சொல்லியிருக்கா, அவளை பாராட்டுங்க. அதுல இன்னொரு சங்கதியும் இருக்கு, 50 மில்லி ஊத்தினா தண்ணி சொம்போட அடியில கிடக்கும், அதுக்கு மேல இருக்கிற காத்துல ஈரம் ஏறி அங்கேயே தங்கிடும், வெளிக்காத்து உள்ள வந்து அதைக் கலைக்காது. அதுக்கப்புறம் தண்ணி கிளம்பறதும் மெதுவாயிடும்.

ரெண்டு பசங்க அம்மா

என் பையன் ஆறாவது, தண்ணி 100 டிகிரியிலதான் ஆவியாகும்னு எழுதி வச்சிருக்கான். அப்ப தரை துடைச்சா எப்படிடா காயுதுன்னு கேட்டேன், முழிக்கிறான். எனக்குமே தெளிவாச் சொல்ல வரல.

லேப் அக்கா

கொதிக்கிறதும் ஆவியாகறதும் ஒண்ணுன்னு நினைக்கிறதால வர்ற குழப்பம் இது. கொதிக்கும்போது தண்ணிக்குள்ள அடியில இருந்தே குமிழ் குமிழா நீராவி கிளம்பும், அதுக்குத்தான் (கடல் மட்டத்துல இருக்கிற ஊர்ல) 100 டிகிரி. ஆவியாகறது மேல்பரப்புல மட்டும், எந்தச் சூட்டுலயும் நடக்கும். பையன்கிட்ட இப்படிச் சொல்லுங்க. தண்ணிக்குள்ள இருக்கிற துகள் எல்லாம் சும்மா இருக்காது, சந்தைக் கூட்டம் மாதிரி ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கிட்டே இருக்கும். எல்லாத்துக்கும் ஒரே வேகம் கிடையாது. மேல இருக்கிறதுல நல்ல வேகம் உள்ள ஒண்ணு ரெண்டு பிச்சுக்கிட்டு காத்துக்குப் போயிடும். சூடு ஏற ஏற அப்படிப் போறதும் கூடும். கணக்குல பாத்தா தண்ணியோட ஆவி அழுத்தம் (ஆவியாகிக் கிளம்பத் தண்ணிக்கு இருக்கிற பலம்னு வச்சுக்கங்க) 20 டிகிரியில 17.5 மில்லிமீட்டர் பாதரசம், 30ல 32, 40ல 55. பத்து டிகிரிக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இந்த நம்பரெல்லாம் பெரியவங்களுக்கு, பசங்களுக்கு வேண்டாம்.

ரெண்டு பசங்க அம்மா

இப்பப் புரியுது. அப்ப காபி ஆத்தறதும் இதுதானா? டவராவுல ஊத்தினா வாய் அகலம், தூக்கி ஆத்தினா காத்து. கையில காபியை வச்சுக்கிட்டே சொல்லிக் குடுத்திருக்கலாம், இத்தனை நாள் தோணல. ஆனா ஒண்ணு, நாங்க சென்னை, கார்த்திகை மாசத்துல ஜீன்ஸ் பேண்ட் ரெண்டு நாளானாலும் காயாது, ஃபேனை எவ்வளவு வச்சாலும் நசநசன்னுதான் இருக்கும். ஏசி ரூம்ல கொடி கட்டிப் போட்டா காலைல காஞ்சிருக்கு. குளிர்ல எப்படிக் காயுதுன்னு இன்னும் ஆச்சரியமா இருக்கு.

மதுரக்காரி

அக்கா, அது குளிரு செய்யிற வேலை இல்ல, ஏசி காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சி வெளிய சொட்டச் சொட்ட விடுதுல்ல, அதேன். காஞ்ச காத்துக்குத் தாகம் ஜாஸ்தி.

எங்க ஊருல சித்திரை வெயிலுக்கு மண்பானைத் தண்ணி பல்லு கூசும். சென்னையில என் தங்கச்சி வீட்டுல அதே கடைப் பானை, அதே மாதிரி மணல் பரப்பி ஈரத்துணி சுத்தி வச்சிருக்கா, தண்ணி சும்மா சாதாரணமாத்தேன் இருக்கு. ஏன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். பானையில கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியா தண்ணி கசிஞ்சு வெளிப்பக்கம் ஆவியாகுது, போறப்ப சூட்டையும் சேத்து எடுத்துட்டுப் போகுது. 40 டிகிரி வெயிலு, ஈரப்பதம் 25 சதவீதம்னா ஈரமான பொருளு கிட்டத்தட்ட 24 டிகிரி வரைக்கும் குளிரலாம். அதுவே 35 டிகிரி, ஈரப்பதம் 65ன்னா 29க்குக் கீழ போகவே போகாது. சென்னையில வெயிலு கம்மி, ஆனா பானை குளிராது! பிள்ளைகளுக்கு காத்துல ஈரம்னா என்னன்னு சொல்லுறதுக்கு இந்தப் பானை ஒண்ணு போதும் டீச்சர், வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைக்க வேணாம்.

தூத்துக்குடி பையன்

டீச்சர், நான் உப்பளத்துக்காரன் மகன், எங்க அய்யா, ஆச்சி எல்லாம் பாத்தியில நின்னவங்கதான், அதனால சொல்லுதேன். நீங்க கேக்குத பாடம் முழுக்க எங்க ஊர்ல மைல் கணக்குல விரிச்சுப் போட்டிருக்கு. கடல் தண்ணியையோ போர் போட்டு எடுக்க உப்புத் தண்ணியையோ ஆழமில்லாத பாத்தியில பரப்பி விடுவாங்க. ஏன் ஆழமாக் குழி வெட்டி ஊத்தல? பரப்பு வேணும், அதான். கடல் தண்ணி 3 டிகிரி சொச்சம் இருக்கும் (இது சூடு இல்ல, தண்ணி எவ்வளவு கனமாயிருக்குன்னு மிதவைக் கருவி வச்சுப் பாக்க டிகிரி), ஒவ்வொரு பாத்தியாத் தள்ளித் தள்ளி 25 டிகிரி வந்தாத்தான் உப்பு கட்ட ஆரம்பிக்கும். அதாவது பத்து குடம் தண்ணியில ஒம்பது குடம் காத்தோட போயிருக்கணும். 30 தாண்ட விட்டா கசப்பு இறங்கிரும், அதுக்கு முன்னாடி மிச்சத் தண்ணியத் தொறந்து விட்டுருவாங்க.

தை, மாசியில ஆரம்பிச்சு புரட்டாசி வரைக்கும் வேலை, ஐப்பசி அடைமழை வந்துட்டா அவ்வளவுதான். வெயில் மட்டும் இருந்தாப் பத்தாது, மேக்க இருந்து காஞ்ச காத்து அடிக்கணும், அது அடிக்க நாள்ல பாத்தி கண்ணு முன்னால வத்தும். கடக்காத்து ஈரத்தோட வந்தா அதே வெயிலுக்கும் மந்தமாயிரும். எங்க ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா முகத்துல படுத காத்தை வச்சே இன்னைக்கு உப்பு எப்படி இறங்கும்னு சொல்லிருவா. உங்க பசங்ககிட்ட அதைச் சொல்லுங்க, தட்டுல உப்பு போடுதப்ப அது எத்தனை பேரு வெயில்ல நின்னு வாரினதுன்னும் சேத்துச் சொல்லுங்க.

லேப் அக்கா

தம்பி, மனசு நிறைஞ்சுது. ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன், உப்பு ஏற ஏறத் தண்ணி ஆவியாகறதும் மெதுவாகும், உப்பு தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும். முழுசா உப்பு ஏறின தண்ணிக்கு, காத்துல ஈரம் 75 சதவீதத்துக்கு மேல போனா ஆவியாகறது நின்னு போய் திருப்பி காத்துல இருந்து ஈரத்தை இழுக்க ஆரம்பிச்சுடும். மழை நாள்ல வீட்டு உப்பு ஜாடி தண்ணி விடறது அதனாலதான். டீச்சர், ஒரு தட்டுல வெறும் தண்ணி, ஒரு தட்டுல கெட்டி உப்புத் தண்ணி, இதையும் ஒரு நாள் பண்ணிப் பாருங்க.

தமிழ் வாத்தியார்

அறிவியல் தெரியாதவன், ஆனா ஒரு விஷயம் சொல்லணும்னு கை பரபரக்குது. துணி *காயுது*, குளம் *வத்துது*, பால் *சுண்டுது*, தலைமுடி *உலருது*, குழம்பு *கெட்டியாகுது*. நம்ம வீட்டுல இத்தனை சொல் இருக்கு, புள்ளைங்களுக்கு இதெல்லாம் தனித்தனி சங்கதி. பாடத்துல வந்து திடீர்னு *ஆவியாதல்*னு ஒரு சொல்லைப் போட்டா அது ஆறாவது சங்கதியா போய் உக்காந்துக்கும், வீட்டுல நடக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாம. முதல்ல போர்டுல இந்தச் சொல் எல்லாத்தையும் புள்ளைங்களையே சொல்லச் சொல்லி எழுதுங்க. அப்புறம் ஒரே கேள்வி, "தண்ணி எங்க போச்சு?" எல்லாத்துக்கும் ஒரே பதில் வரும்போது அந்தப் பெரிய சொல்லைக் குடுங்க.

அதுக்குள்ள ஒரு கள்ளச் சொல்லையும் கலந்து விடுங்க, *இஞ்சுது*. மண்தரையில ஊத்தின தண்ணி காணாமப் போறது கீழ இறங்கினதால. சிமெண்டுத் தரையில ஊத்தினதும் காணாமப் போகுது, அது மேல போனதால. ரெண்டுமே *காஞ்சுது*ன்னுதான் புள்ளைங்க சொல்லும். எப்படிப் பிரிச்சுக் கண்டுபிடிப்பீங்கன்னு கேட்டுப் பாருங்க, அரை மணி நேரம் வகுப்பு தானா நடக்கும்.

அஞ்சாங்கிளாஸ் டீச்சர்

ஐயா, இதை நாளைக்கே செய்யறேன். எங்க பசங்க *வத்தறது* வேற *காயறது* வேறன்னுதான் நினைச்சிட்டு இருக்காங்க, குளம் வத்தினா தண்ணி பூமிக்குள்ள போயிடும், அவ்வளவுதான்னு நேத்து ஒரு பையன் சொன்னான்.

கெமிஸ்ட்ரி மாமா

எல்லாரும் தண்ணியையே பேசறீங்க, திரவத்தோட குணம்னு ஒண்ணு இருக்கே! தண்ணி, கைக்கு தடவற சானிடைசர், நெயில் பாலிஷ் அழிக்கிற அசிட்டோன், தேங்காய் எண்ணெய், நாலையும் ஒரு சொட்டு ஒரு சொட்டா கண்ணாடித் தகட்டுல விட்டுப் பாக்கச் சொல்லுங்க. அசிட்டோன் பேசிக்கிட்டு இருக்கும்போதே காணாமப் போயிடும், அப்புறம் சானிடைசர், அப்புறம் தண்ணி, எண்ணெய் ஒரு மாசமானாலும் அங்கேயேதான் இருக்கும். தண்ணித் துகள்கள் ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்கிட்டு நிக்குது, விட்டுப் பிரியறதுக்கு நிறைய சக்தி வேணும். சாதாரணச் சூட்டுல ஒரு கிராம் தண்ணி ஆவியாக சுமாரா 2400 ஜூல், எத்தனாலுக்கு (சானிடைசர்ல இருக்கிற ஆல்கஹால்) 900க்குக் கிட்ட, அசிட்டோனுக்கு 500 சொச்சம்தான்.

ஊசி போடறதுக்கு முன்னாடி ஸ்பிரிட் பஞ்சு வச்சா ஜில்லுங்குதே, ஏன்னு கேளுங்க. ஸ்பிரிட் பாட்டில் ஒண்ணும் ஐஸ்ல வச்சது இல்ல. நம்ம தோலோட சூட்டை எடுத்துக்கிட்டு அது வேகவேகமா கிளம்புது.

இதுல நான் கண்டிப்பா சொல்ல வேண்டியது: அசிட்டோன், சானிடைசர் ரெண்டும் குபீர்னு பத்திக்கும். ஆவி தரையோட தவழ்ந்து போய் தூரத்துல இருக்கிற நெருப்பைக் கூட பிடிக்கும். ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்துல விளக்கு, அடுப்பு, தீக்குச்சி எதுவும் கூடாது, ஒரு சொட்டுக்கு மேல வேண்டாம், பாட்டில் டீச்சர் கையிலதான் இருக்கணும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீங்க. பள்ளிக்கூடத்துல அசிட்டோனே வேணாம்னா விட்டுடுங்க, சானிடைசரும் தண்ணியும் எண்ணெயும் போதும்.

தோட்டத்துக்காரன்

வணக்கமுங்க. நான் கொங்குப் பக்கம், தோட்டம் தொரவு பாத்துக்கிட்டு இருக்கறனுங்க. வெவசாயத்துல இதை அளக்கறதுக்குன்னே ஒரு சட்டி இருக்குதுங்க, நாலு அடி விட்டம், பத்து அங்குல ஒயரம், வட்டமா இருக்கும், வானிலை பாக்கற எடத்துல மரச்சட்டம் போட்டு மேல வச்சிருப்பாங்க, காக்கா குருவி குடிக்காம இருக்க கம்பி வலை மூடியிருக்கும். தெனமும் காலைல எத்தன மில்லிமீட்டர் கொறஞ்சுதுன்னு பாத்து எழுதுவாங்க. ஒரு மில்லிமீட்டர் கொறஞ்சா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர்ங்க. ஒரு ஏக்கர்ல 4000 லிட்டருக்கு மேல! சொட்டு நீர் எத்தன நேரம் விடோணும்னு அதை வச்சுத்தானுங்க கணக்குப் போடறது. டீச்சரு, கொழந்தைங்க பெரிய தாம்பாளத்துல அளவுகோலை நட்டு வச்சு ஒரு மாசம் தெனமும் எழுதுனா அதே மாதிரி ஒரு நோட்டு உண்டாயிருமுங்க. மழை பேஞ்ச அன்னிக்கு என்ன பண்றதுன்னு அவுங்களே சண்டை போட்டு முடிவு பண்ணட்டும்.

ரெண்டு பசங்க அம்மா

நான் நேத்து ஞாயித்துக்கிழமை மொட்டைமாடில பண்ணிப் பாத்தேன். ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு பிளாஸ்டிக் தட்டு, ஒரே அளவு, ஒரே தண்ணி, ரெண்டும் வெயில்ல. எவர்சில்வர்லதான் முதல்ல காஞ்சுது. அப்ப பாத்திரமும் ஒரு காரணமா? எந்தப் புத்தகத்துலயும் இல்லையே!

லேப் அக்கா

மறைமுகமா ஒரு காரணம். ஆவியாகும்போது தண்ணி குளிருது, அந்தச் சூட்டை ஈடுகட்ட கீழ இருந்து வரணும். மொட்டைமாடித் தளம் கொதிக்குது, எவர்சில்வர் அந்தச் சூட்டை சட்டுனு கடத்தித் தருது, பிளாஸ்டிக் தடுக்குது. ஆக இங்கயும் காரணம் தண்ணியோட சூடுதான். ஆனா தட்டோட நிறம் கூட குறுக்க வரும், வெயில்ல கறுப்பு நிறம் சூட்டை அதிகமா வாங்கும். அதனாலதான் டீச்சர்கிட்ட ஒரே மாதிரி பாத்திரம்னு இவ்வளவு அழுத்திச் சொன்னேன். தட்டை நேராத் தரையில வைக்காம மரப்பெஞ்சு மேல வைங்க.

மதுரக்காரி

ஒரு நாள் என் மகன் கேட்டான், 2017ல வைகை அணையில தண்ணி ஆவியாகாம இருக்க தெர்மாகோல் அட்டை மிதக்க விட்டாங்களாமே, அது தப்பான்னு. எல்லாரும் சிரிச்சதை மட்டுந்தேன் அவன் கேள்விப்பட்டிருக்கான். நான் ஒரு கிண்ணத்துல தண்ணி மேல ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயை ஊத்திக் குடுத்து, பக்கத்துல எண்ணெய் இல்லாம இன்னொண்ணு வச்சேன். நாலு நாள்ல அந்தப் பக்கம் பாதித் தண்ணி போயிருச்சு, எண்ணெய் போட்டது அப்படியே இருக்கு. பரப்பை மூடினா ஆவியாகறது குறையும், அந்த யோசனையில பிழையில்ல. காத்து அட்டையை கரைக்கு ஒதுக்கிருச்சு, அதேன் நடக்கல. அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ் நீர்த்தேக்கத்துல 2015ல 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்து மிதக்க விட்டாங்க, வெயிலு பட்டுத் தண்ணியில வேண்டாத ரசாயனம் உண்டாகக் கூடாதுங்கறதுதேன் முதக் காரணம், ஆவியாகறதும் கூடவே குறைஞ்சுது. பந்து உருண்டு உருண்டு தானா நெருக்கி நிக்கும், அட்டை அப்படி நிக்காது. இதைச் சொன்னதும் அவன் பாத்டப்புல, சாரி, வீட்டுத் தொட்டியில பிளாஸ்டிக் பந்து போட்டுப் பாக்கணும்னு நிக்கிறான்.

அஞ்சாங்கிளாஸ் டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. இன்னைக்கு செஞ்சு முடிச்சோம், சூடு ஆறதுக்குள்ள எழுதிடறேன்.

முதல் பீரியட் ஐயா சொன்ன மாதிரி சொல் விளையாட்டு. *இஞ்சுது* வந்ததும் கிளாஸே ரெண்டாப் பிரிஞ்சுது. கடைசியில ஒருத்தன் பாலிதீன் கவரை விரிச்சு அது மேல தண்ணி ஊத்தலாம் மிஸ், அது கீழ போக முடியாது, அப்பவும் காஞ்சா மேலதான் போயிருக்கணும்னு சொன்னான். நான் சொல்லித் தரல, அவனா சொன்னான்.

அப்புறம் "அன்னைக்கு நாம வச்சது நியாயமான போட்டியா?"ன்னு கேட்டேன். இல்ல மிஸ்னு ஒரே சத்தம். சத்துணவுக்கூடத்துல இருந்து ஒரே மாதிரி தட்டு மூணும் ஒரு டம்ளரும் வாங்கிட்டு வந்தோம், பக்கத்து மளிகைக்கடை அண்ணன் தராசைக் குடுத்தார். நாலுலயும் 100 கிராம் தண்ணி, எல்லாம் பெஞ்சு மேல, பத்து மணில இருந்து பன்னெண்டு வரைக்கும். ஃபேன் காத்து படாத மூலையில வச்ச தட்டு 93 கிராம். ஃபேன் கீழ தட்டு 84. ஃபேன் கீழயே வச்ச டம்ளர் 98. வெளிய வெயில்ல தட்டு 61. தராசுல 61னு வந்ததும் கை தட்டினாங்க பாருங்க!

நான் "அப்ப வெயில்தான் ஜெயிச்சுது"ன்னு போர்டுல எழுதப் போனேன். அன்னைக்கு சொம்பு மறைச்சு வச்சிருக்குன்னு சொன்னாளே, அவ எழுந்து, "மிஸ், வெளிய காத்தும் அடிக்குதே, அது வெயிலா காத்தா எப்படித் தெரியும்?"னா. சாக்பீஸோட அப்படியே நின்னுட்டேன். அவளே யோசனையும் சொன்னா. மத்தியானம் ரெண்டு தட்டுல மறுபடி 100 கிராம் ஊத்தி ரெண்டையும் வெளிய பக்கத்துப் பக்கத்துல வச்சோம், ஒண்ணுக்கு மேல மட்டும் காத்து மறைக்காம உயரமா என் குடையைக் கட்டினோம். ரெண்டு மணி நேரம். குடை நிழல்ல இருந்தது 78, வெயில்ல இருந்தது 63.

நாளைக்கு உப்புத் தண்ணி. தூத்துக்குடி தம்பி, உங்க ஆச்சியைப் பத்தியும் சொல்லப் போறேன்.

தூத்துக்குடி பையன்

சொல்லுங்க டீச்சர். கெட்டித் தண்ணி வேணும்னா ஒரு டம்ளருக்கு நாலு ஸ்பூன் பத்தாது, அடியில கரையாம கொஞ்சம் நிக்க வரைக்கும் கல்லுப்பு போட்டுக் கலக்குங்க.